லாய் ஒசாகாவில் வாங்கிய போன்

தைவானின் கீலுங் துறைமுகப் பக்கம் லாய் யோங்-சாங்கைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மனிதர் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கமாட்டார். வாங்கிய பிறகு அதைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லாமலும் இருக்கமாட்டார். மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் மெக்கானிக்காக இருந்த காலத்தில், உடைத்துப்போட்ட படகுகளிலிருந்து பம்பையும் வால்வையும் கழற்றிவந்து வேறு படகில் மாட்டி ஓடவிடுவார். "புதுசு வாங்குறவனுக்கு இன்ஜின் தெரியாதுன்னு அர்த்தம்" என்பார். ஓடவும் செய்தன அந்தப் படகுகள்.

ஐம்பது வயது நெருங்கும்போது அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திக்கொண்டன. சர்க்கரை வியாதியைப் பல வருடம் சட்டை செய்யாமல் விட்டதன் பலன். இன்ஜின் அறைக்குள் இறங்கி ஏறும் வேலை அத்தோடு முடிந்தது. பக்கத்து மீன்பிடிக் குப்பமான பாதோஸியில் தூண்டில் கடை வைத்திருந்த சித்தப்பா மகன் கூப்பிட்டு கல்லாவில் உட்காரவைத்தான். கடைக்கு மேலேயே ஓர் அறை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதருக்கு அது போதுமானதாக இருந்தது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் தூண்டில் முள்ளும் உறையவைத்த இறாலும் விற்பார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. மழை எப்போது நிற்கும் என்று கீலுங்கில் யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான் அவரும் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்பதை விட்டிருந்தார்.

டயாலிசிஸ் அறையில் அவருக்கு அடுத்த நாற்காலி கோ சியூ-யேவுடையது. கோயில் பக்கத்துச் சந்தையில் மீன் உருண்டை சூப் விற்கிறவள். கணவன் இறந்தபின் ஒற்றை ஆளாகக் கடையை நடத்தினாள். குரல் கொஞ்சம் கரகரப்பு, வாய் கொஞ்சம் அதிகம். கையில் ஊசி ஏறி, மெஷின் ஓட ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஆரம்பிக்கும். நர்ஸ் யென்னுக்கு ரேடியோ வைக்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை.

அந்த வருடம் வசந்தத்தில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் சேர்ந்து ஒசாகாவுக்கு ஒரு சுற்றுலா போனார்கள். அங்கேயே ஒரு கிளினிக்கில் டயாலிசிஸுக்கும் ஏற்பாடாகியிருந்தது. மற்றவர்கள் கோட்டையைப் பார்க்கப் போன மதியத்தில் லாய் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் தெருவுக்குப் போய், ஒரு கடையில் கால்குலேட்டரை வைத்து விரலைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசினார். ஜப்பான்காரன் கடைசிவரை தலைகுனிந்து வணங்கினானே தவிர விலையில் ஒரு காசுகூட இறங்கவில்லை. கடைசியில் ஒரு சார்ஜரைச் சும்மா கொடுத்தான். அதையே பெரிய வெற்றியாக எண்ணி, கீறல் இல்லாத கறுப்பு போன் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஊசி ஏறிய கையை அசைக்காமல் மற்ற கையால் சிம்மை மாற்றிப் போட்டார். சியூ-யேவின் எண்ணைத் தட்டினார். அவள் பைக்குள் போன் அலறியது.

"வெளிநாட்டுல வாங்குன போன் இங்க வேலை செய்யாதுன்னு எவனோ சொன்னானாம்," என்றார். "இப்போ அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது, அடிக்குது. பக்கத்துல படுத்திருக்கிறவளுக்கு எதுக்குண்ணே போன்? வாயாலயே கூப்பிடலாமே."

"எடுத்துப் பேசு. குரல் எப்படி இருக்குன்னு பாரு."

"உங்க குரல் ஜப்பான் போன்லயும் அப்படியேதான் இருக்கு. நாசமாப் போன குரல்."

அறை சிரித்தது. லாய் விடவில்லை. நர்ஸ் யென் எதிர் நாற்காலிக்காரருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்ததைப் படமெடுத்தார். 'சடக்' என்று கேமரா போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விழித்துக்கொண்டார்.

"அதை சைலண்ட்ல போடுங்கண்ணே," என்றாள் யென்.

"முடியாது. ஜப்பான் போன்ல அந்தச் சத்தம் நிக்காது. திருட்டுத்தனமா எவனும் பொம்பளைங்களைப் படம் எடுக்கக் கூடாதுன்னு அங்க அப்படி ஒரு வழக்கம்."

"அப்போ உங்களுக்குன்னே செஞ்ச போன்தான்," என்றாள் சியூ-யே.

கோடை தொடங்கும்போது எல்லோருக்கும் தொலைபேசி நிறுவனங்களிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பழைய 3ஜி சேவையை மூடப்போகிறோம், சில போன்களில் அதன்பின் அழைப்பு வராமல் போகலாம், உங்கள் போனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று. கீழே ஒரு இணைப்பு. சியூ-யே தன் கண்ணாடி உடைந்த பழைய போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"இங்க வாங்குனதுதானே, ஒண்ணும் ஆகாதுன்னான். உங்களுதையும் ஒருதரம் காட்டுங்களேன்."

"இந்த மெசேஜெல்லாம் மோசடிக்காரனுங்க வேலை. லிங்கை அமுக்குனா பேங்குல இருக்கிறது அம்புட்டும் போயிடும். எங்க மாமா மகன் அப்படித்தான் மொட்டையானான்." லாய் செய்தியை அழித்தார். "அதோட இது ஜப்பான் சரக்கு. நம்ம ஊர்க்காரன் இன்னைக்குப் பண்றதை அவன் எப்பவோ பண்ணி முடிச்சவன்."

பிறகு கோடை முழுக்க அவருக்கு ஒரு சந்தோஷம். கடன் வேண்டுமா, பங்குச் சந்தையில் சேர்கிறீர்களா என்று நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த அழைப்புகள் அடியோடு நின்றுபோயின. "மோசடிக்காரனுங்களே என்னைப் பாத்துப் பயந்துட்டானுங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் லைன் என்ற செயலியில்தான் பேசினார்கள். அது இணையத்தில் ஓடுவது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திரையின் மேல்மூலையில் டவர் எப்போதும் முழுசாகவே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சியூ-யேவின் நாற்காலி காலியாக இருந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று லாய் கேட்பதற்குள் நர்ஸ் யென் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அக்காவுக்குக் கிட்னி கிடைச்சிடுச்சு அண்ணே. நேத்து சாயங்காலம் கூப்பிட்டாங்க. ராத்திரியே ஆபரேஷன். நல்லபடியா இருக்காங்களாம்."

விஷயம் நாற்காலிக்கு நாற்காலி தாவியது. யாரோ கைதட்டினார்கள். லாயும் தட்டினார். பொறாமையே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் பழகிப்போன பொறாமை அது. ஒருத்தர் எழுந்து போனால் மற்றவர்களுக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும், அடுத்த நிமிடமே நமக்கும் வரும் என்று ஒரு தைரியமும் வரும். கரடி ஒன்று பட்டாசு வெடிக்கிற படத்தை அவளுக்கு லைனில் அனுப்பிவைத்தார்.

அவருக்கு மெஷினைக் கழற்றி, ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். துன் என்று பெயர். மாற்று உறுப்புப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கப் போகும்போது பார்க்கிற முகம். அவள் நேராகத் தன்னிடம் வந்ததும் லாய்க்கு ஏனோ எழுந்து நிற்கத் தோன்றியது.

"லாய் சார், நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"கடையிலதான். ஏம்மா?"

"உங்க போன் ஏன் ஆஃப்ல இருந்தது? எத்தனை தடவை போட்டோம் தெரியுமா?"

"ஆஃபா? கல்லா பக்கத்துலயே வச்சு பேஸ்பால் மேட்ச் பாத்துட்டிருந்தேன்."

"உங்க அக்கா நம்பர்னு ஒண்ணு குடுத்திருந்தீங்க. அதுக்கும் போட்டோம். யாரோ எடுத்து, அந்தப் பேருல இங்க யாருமில்லைன்னு வச்சிட்டாங்க."

"அக்கா போன வருஷம் செத்துட்டா."

"எங்ககிட்ட சொல்லலையே சார்," என்றாள் துன் மெதுவாக.

சொல்லவில்லைதான். அக்காவின் இடத்தில் வேறு யார் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு வைத்திருந்தார். இப்போது அதைச் சொல்லிப் பயனில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "பாரும்மா. டவர் ஃபுல்லா இருக்கு. இப்போ போட்டுப் பாரு."

நர்ஸ் யென் மேஜை மேலிருந்த போனில் அவர் எண்ணை அழுத்தினாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். லாய் போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அது அடிக்கவில்லை. ஒளிரவும் இல்லை. மேஜையிலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் பணிவாகச் சொன்னது: நீங்கள் அழைக்கும் எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள இயலவில்லை.

யென் மறுபடி போட்டாள். மறுபடி அதே குரல். எதிர் நாற்காலிக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு முன்னால யாரு?" என்று கேட்டார் லாய். "பட்டியல்ல, நேத்து. எனக்கு முன்னால யாராவது இருந்தாங்களா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது சார். வந்திருந்தாலும் ரத்தம் ஒத்துப்போகுதான்னு பாத்திருப்போம். சேராமலும் போயிருக்கும்."

"சேர்ந்தும் இருக்கும்."

துன் யாரையும் குறிப்பிட்டு எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் சியூ-யேவுக்கும் அவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ரத்த வகை, ஒரே சாயங்காலம். அறையில் இருந்த யாருக்கும் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை.

பஞ்சைப் பிடித்தபடியே அவர் நேராக ஒரு செல்போன் கடைக்குப் போனார். கடைக்காரன் போனை வாங்கி, செட்டிங்ஸில் எங்கேயோ போய் எதையோ திறந்து பார்த்தான்.

"எங்க வாங்குனது சார்?"

"ஒசாகா."

"அதான். நல்ல போன்தான், குறை ஒண்ணுமில்லை. முன்னாடி 3ஜில கால் வந்துட்டிருந்தது. அதை மூடுனப்புறம் கால் 4ஜில வரணும். அதுக்கு போனும் இங்க இருக்கிற கம்பெனியும் ஒத்துப்போகணும். இது அந்த ஊருக்குன்னு செஞ்சது, நம்ம கம்பெனியோட ஒத்துப்போகலை. இன்டர்நெட் வரும், கால் மட்டும் வராது."

"டவர் காட்டுதேப்பா."

"காட்டும் சார். அது இன்டர்நெட்டுக்கு."

"இதை எனக்கு ஏன் எவனும் சொல்லலை?"

"மெசேஜ் வந்திருக்குமே?"

லாய் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தக் கடையில் இருந்ததிலேயே சாதாரண போன் ஒன்றைக் காட்டி, விலை என்னவென்றும் கேட்காமல் எடுத்துக்கொடுக்கச் சொன்னார்.

பிறகு வந்த வாரங்கள் நன்றாக இல்லை. டயாலிசிஸ் அறையில் அவர் யாரோடும் பேசவில்லை. நாற்காலியை மாற்றித்தரச் சொல்லி யென்னைக் கேட்டார். இடமில்லை என்றாள். அளந்து குடிக்கவேண்டிய தண்ணீரை அளக்காமல் குடித்தார். உடம்பில் தண்ணீர் ஏறி, எடை கூடி வந்து நின்றார். அதை மெஷின் உறிஞ்சி எடுக்கும்போது கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

"யார் மேல கோவத்துல தண்ணி குடிக்கிறீங்க?" என்று யென் அதட்டினாள். "செத்துப்போனா அடுத்த கிட்னி வந்து என்ன செய்யும்?"

"அடுத்ததா? எனக்கா?"

தூண்டில் கடையில் சித்தப்பா மகன் ஒரு நாள் அந்தக் கறுப்பு போனை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "சும்மாதானே கிடக்கு அண்ணே. ஆன்லைன்ல போட்டா எவனாவது வாங்கிட்டுப் போவான். கீறல்கூட இல்லை."

"எவன் தலையில கட்டச் சொல்றே?" என்று லாய் சீறினார். மேஜை இழுப்பறையில் தூண்டில் முள் பெட்டிகளுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டார்.

ராத்திரி தூக்கம் வராத நேரங்களில் அவர் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. அன்றைக்கு போன் அடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கல்லாவை மூடியிருப்பார். டாக்ஸி பிடித்திருப்பார். ரத்தம் ஒத்துப்போயிருக்கும், அல்லது போயிருக்காது. ஒத்துப்போகாமல் திரும்பி வந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பார். தனக்குரியதா இல்லையா என்று கடைசிவரை தெரியவே போவதில்லை என்பதுதான் அவரைத் தின்றது. பம்பிலோ வால்விலோ கோளாறு என்றால் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். இதைக் கழற்றிப் பார்க்க வழியில்லை.

சியூ-யே லைனில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். தையல் பிரித்தாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று, மாத்திரை தின்றே வயிறு நிறைகிறது என்று. அவர் கரடிப் படங்களை மட்டும் அனுப்பினார். ஒரு மாலை, இறால் பொட்டலங்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது புது போன் அடித்தது. லைன் இல்லை, நிஜமான அழைப்பு. அந்தச் சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் அவர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அண்ணே, நான்தான்."

"சொல்லு."

"நேத்து செக்கப்புக்குப் போனேன். நம்ம எதிர் நாற்காலி ஐயாவைப் பாத்தேன். அவர் சொன்னாரு." கரகர குரல் உடைந்தது. "எனக்கு சத்தியமாத் தெரியாதுண்ணே. உங்களைக் கூப்பிட்டு நீங்க எடுக்கலைன்னு எனக்கு யாரும் சொல்லலை. தெரிஞ்சிருந்தா கடைக்கே ஆள அனுப்பியிருப்பேனே. சந்தையிலிருந்து ஓடியிருப்பேனே."

"உளறாதே."

"என் வயித்துல இருக்கிறது உங்களோடதாமே?"

"செத்தவன் ஒருத்தன் குடுத்தது அது. என்னோடதில்லை."

"நீங்க கோவமா இருக்கீங்க."

"இல்லை."

"ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் ஒண்ணுக்கு வந்துச்சு அண்ணே. எத்தனை வருஷம் கழிச்சு. நர்சு பையைத் தூக்கிக் காட்டுனா. அழுதேன். முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்னு நினைச்சேன். லைன்ல எழுத வெக்கமா இருந்துச்சு. நேர்ல பாக்குறப்போ சொல்லிக்கலாம்னு..."

லாய் கண்ணை மூடிக்கொண்டார். அவரும் அதையேதான் பல வருடமாகக் கனவு கண்டிருந்தார். அந்த அறையில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

"நல்லாப் போ," என்றார். "சந்தோஷமா போ. எனக்கும் சேத்துப் போ." சொல்லி முடித்ததும் வைத்துவிட்டார். சொன்ன விதம் சரியில்லை என்பது வைத்த கணமே அவருக்குத் தெரிந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

இலையுதிர்காலம் மழையோடு வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், கடைவாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இரட்டை முகக்கவசம், தொப்பி, கையுறை. கிருமி தொற்றக் கூடாது, கூட்டத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த உடம்பு. கண்ணைப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்தது. முகம் மாத்திரையால் கொஞ்சம் ஊதியிருந்தது. ஆனால் தோலில் பழைய சாம்பல் நிறம் போய்விட்டிருந்தது.

"எதுக்கு வந்தே? மழையில?"

"கூப்பிட்டா வச்சிடுறீங்க. நேர்ல வந்தா வைக்க முடியாதுல்ல."

"உள்ள வராதே. இறால் நாத்தம், ஈரம். ஏதாவது ஒட்டிக்கும்." அவர் ஒரு ஸ்டூலை வாசலின் கூரைக்கடியில் போட்டு, அவள் உட்கார்ந்ததும் தான் உள்ளேயே தள்ளி நின்றுகொண்டார்.

"கோவமாதான் இருந்தேன்," என்றார் லாய் திடீரென்று. "உன்மேலயும் இருந்தேன். உன்னைப் பாத்துச் சிரிக்க வாய் வரலை. அதுதான் உண்மை."

"தெரியும். நான் உங்க இடத்துல இருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்."

"யாரை?"

"அந்த ஒசாகாக்காரனை."

"அவன் என்ன பண்ணுவான், பாவம். தலைகுனிஞ்சு குனிஞ்சு வணக்கம் வச்சான். நான்தான் அவன் சொன்னதைக் கேக்கலை. ஒரு காகிதத்தைக் காட்டி என்னவோ சொன்னான். விலை குறைக்க மாட்டேங்கறான்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மாத்திரைக்காகப் போல, ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். லாயின் தொண்டை தன்னால் அசைந்தது. அவள் கவனித்துவிட்டு, சட்டென்று மூடியைத் திருகினாள்.

"குடி," என்றார் அவர். "நிறையக் குடிக்கணும்னு சொல்லியிருப்பாங்க. அதைக் காயப் போட்டுடாதே."

அவள் திரும்பிப் பாட்டிலைத் திறந்து, சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு மீதியைக் குடித்தாள்.

"துன் அம்மாகிட்ட உங்க ரெண்டாவது நம்பர் குடுத்தாச்சா?"

"சித்தப்பா மகனோடதைக் குடுத்திருக்கேன். அவன் மீன்பிடிக்கப் போனா கடல்ல டவர் இருக்காது."

"அப்போ மூணாவதா என்னோடதைக் குடுங்க. நான் கடையை விட்டு எங்கயும் போறதில்லை. போன் இடுப்புலயே இருக்கும்."

"வேண்டாம். அந்தப் பாரம் உனக்கு எதுக்கு?"

"ஏற்கனவே சுமந்துட்டுதானே இருக்கேன்," என்று அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மழை விட்டபிறகு குடையை விரிக்காமல் மெல்ல நடந்து போனாள். அவள் பஸ் ஏறும்வரை லாய் வாசலிலேயே நின்றிருந்தார். அடுத்த திங்கட்கிழமை அந்த எண்ணைக் கொடுத்தார்.

இப்போது அடுத்த நாற்காலிக்கு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். குறட்டை விடுகிறவர். லாய் தண்ணீரை மறுபடி அளந்து குடிக்கிறார். யாராவது வெளிநாடு போய் போன் வாங்கப்போவதாகச் சொன்னால், அதன் முழு மாடல் எண்ணைக் கேட்டு, செல்போன் கடைக்காரனிடம் போய்க் காட்டு என்று சண்டைக்குப் போவதுபோல் பிடித்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. ரத்தம் எடுக்கப் போனபோது துன் அவருடைய இடம் பட்டியலில் அப்படியே இருப்பதாகச் சொன்னாள். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் ஊசி ஏறாத கையில் போனை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ரயில்வேக்காரர் தூங்குகிறார். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.